ராய்ஸ் கட்டிய சுவர்

என் கணவர் டேரில் ஜனவரியில் இறந்தார். ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய தம்பி ராய்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"நோரீன், சனிக்கிழமை காலையில நானும் என் ஆள் ஒருத்தனும் வர்றோம். நிலவறையில நிக்குதே அந்தச் சுவர், அதை இடிச்சு வண்டியில ஏத்திக் கொண்டுபோயிடறோம். நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம். அதைப் பாத்துக்கிட்டே எத்தனை நாள்தான் இருப்பே?"

"உனக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றேன்.

"டேரிலுக்காக இதுகூடச் செய்யலேன்னா அப்புறம் நான் என்ன தம்பி?"

சரி, சனிக்கிழமை வா என்று சொல்லி வைத்தேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த எனக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. ராய்ஸ் பயப்படுகிறான் என்று தெரிந்ததும் எனக்குப் பசித்தது. இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

அந்தச் சுவரைக் கட்டியவன் ராய்ஸ். எங்கள் ஊரிலும் ஏரிக்கரை நெடுகிலும் நிலவறைகளைக் குடியிருக்கும் அறைகளாக மாற்றித் தருவதுதான் அவன் தொழில். எங்கள் நிலவறையில் வீடு முழுவதையும் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் மறைப்பில்லாமல் நின்றது. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கதவு வைத்து, இந்தப் பக்கம் சோபாவும் தொலைக்காட்சியும் போட வேண்டும் என்று டேரிலுக்கு ஆசை. நான் டொலீடோவில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு வாரத்தில் அண்ணனும் தம்பியும் அதைக் கட்டி முடித்தார்கள். அனுமதி வாங்கவில்லை. ஒஹாயோவில் நிலவறைச் சுவருக்கு யார் அனுமதி வாங்குகிறார்கள்?

ஹீட்டர் எரியக் காற்று வேண்டும். அதற்காக வெளியிலிருந்து ஒரு குழாய் அந்த இடத்துக்கு வந்தது. சுவர் எழும்பிய பிறகு அந்தக் குழாயைக் காணவில்லை. கதவும் இடுக்கில்லாத கெட்டிக் கதவு. காற்றுப் போதாமல் எரியும் ஹீட்டர் வாசனையில்லாத விஷவாயுவைக் கக்கும். ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே குளிர் இறங்கிய அன்று டேரில் கால்பந்து பார்த்துக்கொண்டே சோபாவில் தூங்கிவிட்டார். காலையில் நான் அவரைக் கூப்பிட்டபடி சமையலறையில் விழுந்து கிடந்ததை எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். என்னைக் காப்பாற்றினார்கள். ஏன் என்னை மட்டும் என்று நான்கு நாள் மருத்துவமனையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஏதோ வீடியோவைப் பாத்துட்டு அவனே கட்டியிருக்கான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். எங்க கேட்டான், பிடிவாதக்காரன்."

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். டேரில் பிடிவாதக்காரர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய சாவு அன்றிலிருந்து ஒரு முட்டாளின் சாவு ஆகிவிட்டது. கடையில் என் பின்னால் நின்ற ஒரு பெண், "தன்னையும் கொன்னு பொண்டாட்டியையும் கொல்லப் பாத்தாரே ஒருத்தர், அவர் வீட்டம்மாதான் இவங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மாவட்டக் கட்டட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஆய்வாளர் திருமதி ஸ்வோபோடா என் பேச்சை முழுக்கக் கேட்டார். "நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா. ஆனா அனுமதி இல்ல, ரசீது இல்ல, பாத்தவங்க இல்ல. கட்டினது உங்க கொழுந்தன்தான்னு காட்ட ஏதாவது இருக்கா?" என்றார்.

அன்று எனக்கு அது தோன்றவில்லை. ராய்ஸ் கூப்பிட்ட பிறகுதான் தோன்றியது.

எங்கள் பக்கத்துத் தச்சர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுவருக்கு மரக் குத்துக்கால்களை நிறுத்திவிட்டு, பலகை அடித்து மூடுவதற்கு முன்னால், உள்ளே ஏதாவது ஒரு குத்துக்காலில் பெயரும் தேதியும் எழுதிவிடுவார்கள். அன்றைய கால்பந்து ஆட்டத்தில் கிளீவ்லாந்து அணி எத்தனை புள்ளியில் தோற்றது என்பதையும் எழுதுவார்கள். அடுத்து அந்தச் சுவரைத் திறக்கிறவன் படித்துச் சிரிப்பதற்கு. ராய்ஸ் இதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. பல வருடத்துக்கு முன் மாமியாரின் சமையலறையைப் பிரித்தபோது, பத்தொன்பது வயது ராய்ஸ் கறுப்பு மையில் எழுதிய பெயர் கிடைத்தது. குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

என் நிலவறைச் சுவருக்குள் அவன் பெயர் இருந்தது. அவனுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. சனிக்கிழமை அவன் வந்து எடுத்துப் போகப்போவது அதைத்தான்.

புதன்கிழமை காலை சாமான் கடைக்குப் போனேன். ஜிப்சம் பலகையைச் சுத்தியாலேயே உடைத்துவிடலாம். குத்துக்கால் அப்படியல்ல. மேலும் கீழும் ஆணி அடித்து நிறுத்தியது, எழுத்து அழியாமல் முழுசாக வெளியே வர வேண்டும். அதற்கு வேண்டியது கத்திபோல் நீட்டிய பிளேடு முன்னும் பின்னும் ஓடும் அந்த ரம்பம். டேரில் இரவல் வாங்குவார், சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை. சுவருக்குள் மின்கம்பி போகிறது என்பதால் நிலவறைக்குப் போகும் பிரேக்கரை நிறுத்தியாக வேண்டும். ஆகவே பேட்டரியில் ஓடும் ரம்பம்.

கருவிகள் அடுக்கின் முன்னால் நின்றிருந்தவர் லீமன் என்ற கிழவர். ஓய்வுபெற்ற குழாய்க்காரர், மனைவியிடமிருந்து தப்பிக்க வேலைக்கு வருவதாக எல்லோரிடமும் சொல்வார்.

"நீங்க எந்தக் கலருங்கம்மா?" என்றார்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. கருவி செய்யும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம்: மஞ்சள் வீடு, சிவப்பு வீடு, பச்சை வீடு. ஒரு நிறத்தின் பேட்டரி இன்னொரு நிறத்துக் கருவியில் ஏறாது. கல்யாணத்துக்கு முன்னால் எந்தத் திருச்சபை என்று கேட்கிறார்களோ இல்லையோ, இதைக் கேட்பார்கள். ராய்ஸ் சிவப்பு.

"வீட்டுக்காரர் மஞ்சள். டிரில் ஒண்ணு இருக்கு." பையிலிருந்து அதன் பேட்டரியை எடுத்துக் காட்டினேன். அடுக்கில் மஞ்சள் ரம்பம் ஒன்று எண்பத்தொன்பது டாலருக்கு இருந்தது. அதைக் கையிலும் எடுத்துவிட்டேன்.

லீமன் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். "இது பன்னெண்டு வோல்ட். அந்த ரம்பம் இருபது. கலரு ஒண்ணு, குடும்பம் வேற. அதோட அந்தப் பெட்டியில வெறும் ரம்பம் மட்டும்தான், பேட்டரி கிடையாது, சார்ஜர் கிடையாது. வாரத்துக்கு ரெண்டு பேர் விலையைப் பாத்துட்டு அதைத் தூக்கிட்டுப் போவாங்க, மறுநாள் மூஞ்சியைத் தூக்கிட்டுத் திரும்பி வருவாங்க."

"எனக்கு மறுநாள் கிடையாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன இடிக்கப் போறீங்க?"

"கொழுந்தன் கட்டின சுவர்."

"அப்ப ரெண்டு பேட்டரி வாங்கிக்கோங்க. சொந்தக்காரன் கட்டினதை இடிக்க ஆரம்பிச்சா நிறுத்த மனசு வராது."

சிரித்தேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை.

சிவப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். நல்ல கருவிதான், ஆனால் ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் கனம். என் வலது தோள் பழையபடி இல்லை. ராய்ஸின் நிறத்தைக் கையால் தொடவும் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"இதைப் பாருங்க" என்று ஒரு பச்சையை எடுத்தார். "சின்னது. பிளேடு ஓடுற தூரம் கொஞ்சம் குறைச்சல், அதனால வேகமும் குறைச்சல். நாள் முழுக்க இடிக்கிறவன் வாங்க மாட்டான். உங்களுக்கு ஒரு சுவர். விசையை மெதுவா அமுக்கினா மெதுவா ஓடும், பாருங்க, அதுதான் முக்கியம். பேட்டரி ஒண்ணு, சார்ஜர் ஒண்ணு, எல்லாம் சேத்து நூத்திப் பத்தொன்பது."

"ரெண்டாவது பேட்டரி?"

"அது தனியா எழுபத்தொன்பது."

விதவையின் முதல் வருடத்தில் எழுபத்தொன்பது டாலர் சின்னத் தொகை இல்லை. ஒன்று போதும் என்றேன்.

"அப்ப பிளேடுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ரம்பம் என்ன ரம்பம், அறுக்கிறது பிளேடு. கூட வர்றதைத் தூக்கிப் போட்டுட்டு இதை மாட்டுங்க. மரம், ஆணி ரெண்டையும் அறுக்கும், ஒன்பது இஞ்ச். ஒரு விஷயம், இந்த மூக்குல இருக்கிற தகடு மரத்தை ஒட்டி அழுத்தமா இருக்கணும். இல்லேன்னா ரம்பம் ஓடாது, நீங்கதான் ஆடுவீங்க."

"யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா உங்க பேரைச் சொல்றேன்."

"சொல்லாதீங்க. உங்க கொழுந்தன் யாருன்னு எனக்குத் தெரியாதில்ல" என்றார் லீமன்.

வியாழக்கிழமை காலை பேட்டரி முழுக்க ஏறியிருந்தது. நிலவறைக்கான பிரேக்கரை இறக்கினேன். சின்ன ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் போதுமாக இருந்தது. டேரிலின் கண்ணாடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு சுத்தியலை எடுத்து முதல் அடி போட்டேன்.

எத்தனை நாள் அந்தச் சுவரைப் பார்த்தபடி துணி துவைத்திருக்கிறேன். இரண்டாவது அடியில் பலகை உள்ளே போனது. கையை விட்டு இழுத்தேன். துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தேவாலயக் கூடத்தில் தலையாட்டிய ஒரு முகத்தை நினைத்துக்கொண்டேன். அரைமணி நேரத்தில் இடுப்பு வரைக்கும் வெள்ளைப் புழுதி. உள்ளே காற்றுக் குழாய் தெரிந்தது. அதன் வாயில் இளஞ்சிவப்பு நிறக் கண்ணாடிப் பஞ்சை மூட்டையாகத் திணித்து, மேலே நாடா ஒட்டியிருந்தது. ஒட்டின கை சுத்தமாக ஒட்டியிருந்தது. தொழில் தெரிந்த கை.

கதவிலிருந்து மூன்றாவது குத்துக்காலில் இருந்தது. கறுப்பு மையில், என் கண் உயரத்துக்கு: ராய்ஸ் கெஸ்லர், நவம்பர் 14, கிளீவ்லாந்து பத்துப் புள்ளியில் தோற்றது.

நான் கத்தவில்லை. கையுறையைக் கழற்றி எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். உன்னைப் பிடித்துவிட்டேன் என்று சத்தமில்லாமல் சொன்னேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, தகட்டை அழுத்தி, பெயருக்கு ஓர் அடி மேலே அறுத்தேன். ரம்பம் அதிர்ந்தது. லீமன் சொன்னபடி மெதுவாக அமுக்கினேன். ஆணியைத் தொட்டபோது சத்தம் மாறியது, பிளேடு நிற்கவில்லை. மரம் இரண்டாயிற்று.

கீழே அறுக்கக் குனிந்தபோதுதான் மிச்சப் பலகையைப் பெயர்த்தேன். ராய்ஸின் பெயருக்கு ஒரு சாண் கீழே, தச்சன் பென்சிலில், இன்னொரு எழுத்து இருந்தது. சாய்ந்த எழுத்து. முப்பத்து நான்கு வருடம் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிய சீட்டுகளில் நான் படித்த எழுத்து.

"குழாயை அடைக்கச் சொன்னது நான். நோரீனின் கால் குளிரக் கூடாது. டேரில்."

என் தையல் இயந்திரம் நிலவறையில் அந்த மூலையில்தான் இருந்தது. டொலீடோவுக்குக் கிளம்புகிற அன்று பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "அந்தக் குழாய்லேருந்து பனிக்காத்து நேரா என் கால்லதான் அடிக்குது. தம்பிகூடச் சேந்து என்ன வேணா கட்டு, அதுக்கு ஒரு வழி பண்ணு மொதல்ல." அவர் "உத்தரவு மேடம்" என்றார். பின் அதை நான் மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்துவிட்டேன்.

ஜிப்சம் துண்டுகளின் மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எழுந்து ரம்பத்தை எடுத்தேன். இரண்டு எழுத்துக்கும் நடுவில், அந்த ஒரு சாண் வெற்று மரத்தில், பிளேடை வைத்தேன். பாதி மரம் அறுபட்டதும் ரம்பம் முனகி நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துபோனது.

இரண்டாவது பேட்டரி இருந்திருந்தால் யோசித்திருக்க மாட்டேன். சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜரில் மாட்டினேன். ஏற ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் நான் மேசை முன்னால் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நியாயமாக யோசிக்க முயன்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். டேரில் ஒரு தபால் வண்டி ஓட்டுநர். ஹீட்டருக்குக் காற்று வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த அறையில் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அண்ணன் சொன்னான் என்று பஞ்சைத் திணித்தான், பெயரெழுதிச் சிரித்தான், அண்ணன் செத்ததும் பழியை அண்ணன் தலையிலேயே கட்டினான். முழுக் குத்துக்காலையும் கொண்டுபோனால் திருமதி ஸ்வோபோடா இரண்டு வரியையும் படிப்பார். ஊர் இரண்டாவது வரியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிடிவாதக்காரன், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுச் செத்தான். ராய்ஸ் அதை வைத்துத் தப்பிவிடுவான்.

இவ்வளவும் உண்மை. ஆனால் சார்ஜரின் சிவப்பு விளக்கு பச்சையாக மாறியபோது நான் நினைத்தது இதை எதையும் இல்லை. அவன் அழிய வேண்டும், என் பெயரை யாரும் படிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கீழே போய் அறுத்து முடித்தேன். டேரிலின் எழுத்து இருந்த அடிப்பாகத்தையும் அறுத்து எடுத்து, விரல் நீளத்துண்டுகளாக்கி, பின்புறத்துத் தகரப் பீப்பாயில் எரித்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் எனக்காக அவர் எழுதிய கடைசி வரி அது. எரிய அதிக நேரம் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மிச்சச் சுவரையும் பிரித்துக் குப்பையை ஏற்றி அனுப்பினேன். சனிக்கிழமை ராய்ஸ் வந்தான். காலி நிலவறையில் நின்று சுற்றிலும் பார்த்தான்.

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"நீயா? எதை வெச்சு?"

"பச்சை ரம்பம். நூத்திப் பத்தொன்பது டாலர்."

"பொம்மை சாமான் அது" என்றான். "குப்பையெல்லாம் எங்க?"

"எந்தக் குப்பையைக் கேக்கறே ராய்ஸ்?"

படியேறிப் போனான். வண்டியைக் கிளப்பச் சாவியை இரண்டு தடவை தவறவிட்டான். ஜன்னலில் நின்று கடைசி வரைக்கும் பார்த்தேன்.

மே மாதத்தில் கட்டட அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மேசையில் நான் அறுத்தெடுத்த குத்துக்கால் துண்டு கிடந்தது, பக்கத்தில் மாமியார் சமையலறையில் எடுத்த பழைய படம். இரண்டு கையெழுத்தும் ஒன்றே என்பதைக் கண்ணுள்ள யாரும் சொல்வார்கள். திருமதி ஸ்வோபோடா எதிரில் உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரம் அந்த வருடம் ராய்ஸ் நிலவறை கட்டிக்கொடுத்த இரண்டு குடும்பங்கள். நான்தான் அவர்களுக்குத் தொலைபேசி செய்திருந்தேன்.

ராய்ஸ் தன் பெயரைப் பார்க்கவில்லை. மரத்தின் கீழ்முனையைப் பார்த்தான். ரம்பம் பாதியில் நின்று மறுபடி ஓடிய இடத்தில் ஒரு படி விழுந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவினான்.

"இது முழுசு இல்ல" என்றான். "இதுக்குக் கீழே டேரில் ஒரு வரி எழுதினான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் திருமதி ஸ்வோபோடா.

"பக்கத்துல நின்னு பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. அறையில் எல்லோருக்கும் அவனுக்கு முன்பே புரிந்துவிட்டது. திருமதி ஸ்வோபோடா அவசரமில்லாமல் எழுதிக்கொண்டார். "அப்ப சுவர் கட்டறப்ப நீங்க அங்க இருந்தீங்க. குழாயை அடைச்சப்பவும்."

 சுவரோரம் ஒரு குழந்தையை மடியில் வைத்திருந்த பெண் கணவனிடம், "இப்பவே வீட்டுக்குப் போய் ஹீட்டரை நிறுத்து" என்றாள். அந்தக் குரலுக்காகத்தான் நான் நான்கு மாதம் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது.

"டேரில் என்ன எழுதியிருந்தார்?" என்று திருமதி ஸ்வோபோடா கேட்டார்.

ராய்ஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மறுப்பதற்கு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். மரம் அவ்வளவுதான் இருந்தது, கீழ்ப்பகுதி வெறும் கட்டை. கண் இமைக்காமல் சொல்லியிருப்பேன். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் சொன்னால், நான் மறுத்தால், சண்டை இருவருக்கும் சமமாக முடிந்துவிடும்.

 டேரிலுக்கும் அவனுக்கும் கண் ஒரே மாதிரி.

"ஞாபகம் இல்ல" என்றான்.

அவனுடைய தொழில் பதிவு ரத்தாயிற்று. இரண்டு குடும்பங்களும் வழக்குப் போட்டன. இலையுதிர் காலத்துக்குள் வீட்டை விற்றுவிட்டு இந்தியானா பக்கம் போய்விட்டான். ஊரார் ஒவ்வொருவராக என் வாசலுக்கு வந்து டேரிலைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோம் என்றார்கள். கொண்டுவந்த பலகாரத்தை வாங்கி உள்ளே வைத்தேன். நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அவன் எனக்குக் கடிதம் எழுதியதில்லை, யாரிடமும் அந்த வரியைச் சொன்னதாகவும் காதில் விழவில்லை. என் கணவரைக் கொன்றதையும் அவர் பெயரைக் கெடுத்ததையும் நினைத்தால் இப்போதெல்லாம் கோபம் பாதிதான் வருகிறது. அந்த அறையில் என்னைக் கண்ணால் பார்த்து, தெரிந்ததை ஞாபகம் இல்லை என்று சொல்லி, என்னை விட்டுவிட்டானே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.